ஆனதோத்தின் நிலமும் முத்திரையிட்ட பத்திரமும்

எரேமியா 32ஆம் அதிகாரம் ஒரு நிலக்கிரயத்தின் வரலாறு. ஆபிரகாம் மக்பேலாவை வாங்கிய செய்தி (ஆதி. 23) போன்ற வேறு கிரயங்களும் திருமறையில் உண்டு. ஆயினும் பத்திரம் எழுதும் முறை இத்துணை நுணுக்கமாக வேறெங்கும் கூறப்படவில்லை. தேவ வாக்குத்தத்தத்தின்மேல் வைக்கும் நம்பிக்கையைக் கூறவந்த அதிகாரம், தராசையும் சாட்சிகளையும் முத்திரையையும் மண்பாண்டத்தையும் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறது?

காலம் சிதேக்கியா அரசாண்ட பத்தாம் ஆண்டு, அதாவது கி.மு. 588-587. நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமைச் சூழ்ந்திருந்தது. யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீசும் அசேக்காவுமே எஞ்சியிருந்தன என எரேமியா 34:7 கூறுகிறது. 1935ஆம் ஆண்டு லாகீசின் இடிபாடுகளில் கிடைத்த ஓட்டுச்சில்லு மடல்களுள் ஒன்று இதே நாட்களின் திகிலை நமக்குக் காட்டுகிறது. வெளிக்காவலில் இருந்த படை அலுவலர் ஒருவர், லாகீசின் அடையாளத் தீயை நோக்கிக் காத்திருப்பதாகவும், அசேக்கா தமக்குத் தென்படவில்லையென்றும் தம் தலைவருக்கு எழுதுகிறார். நகரத்திற்குள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும். நகரம் விழும் என்று சொன்ன குற்றத்திற்காகத் தீர்க்கதரிசி காவற்சாலையின் முற்றத்தில் அடைக்கப்பட்டிருந்தார்.

அங்கே அவருடைய தந்தையின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். நெருங்கிய உறவினன் நிலத்தை மீட்கும் உரிமை லேவியராகமம் 25இல் உள்ளது. அவ்வுரிமையே இக்கிரயத்திற்கு அடிப்படை. ஆனால் நிலைமையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஆனதோத்து எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர். சுற்றுப்புறம் முழுவதும் அப்போது பகைவர் கையில் இருந்தது. அவ்வூராரே எரேமியாவின் உயிரைத் தேடியவர்கள் (11:21). இன்னொன்று நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. எரேமியாவுக்கு மனைவியில்லை, பிள்ளையில்லை. அது கர்த்தரின் கட்டளை (16:2). கையில் கிடையாத நிலத்தை, தமக்குப்பின் அனுபவிக்கப் பிள்ளையில்லாத ஒரு கைதி, தம்மைப் பகைத்த ஊரில் வாங்குகிறார்.

விலை 17 சேக்கல் வெள்ளி. அக்காலத்து யூதாவில் நாணயப் புழக்கம் இல்லை. வெள்ளியைத் தராசில் நிறுத்தே கொடுத்தனர். ஒரு சேக்கலை ஏறத்தாழ 11.4 கிராம் எனக் கொண்டால் மொத்தம் 194 கிராம் வரும். நிலத்தின் அளவு கூறப்படாமையால் விலை மலிவா, மிகுதியா என்று வாதிடுவதில் பயனில்லை. பத்திரம் இரண்டு பகுதியாக எழுதப்பட்டது: ஒன்று முத்திரையிட்டது, மற்றொன்று திறந்தது. 1961இல் யூதேயா வனாந்தரத்தின் நகால் எவர்க் குகையில் கண்டெடுக்கப்பட்ட, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபத்தா என்னும் பெண்ணின் ஆவணங்களில் இத்தகைய இரட்டைப் பத்திரங்களைக் காண்கிறோம். மேற்பகுதி சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். கீழ்ப்பகுதி எவரும் படிக்கத்தக்கதாகத் தொங்கும். வழக்கு நேரும்போதே கட்டை அவிழ்த்துப் பார்ப்பர். நெடுங்காலம் கடந்து, விற்றவனும் வாங்கியவனும் மறைந்தபின்பும் உண்மை நிலைநிற்கவேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம். பாருக்கு அவ்விரண்டையும் மண்பாண்டத்தில் வைத்ததும் அதற்காகவே.

1982இல் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியில், பாபிலோனியர் எரித்த ஒரு வீட்டிலிருந்து 51 களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. அவை கட்டியிருந்த சுருள்கள் தீயில் சாம்பலாயின. அதே தீ களிமண்ணைச் சுட்டு உறுதியாக்கிற்று. சாப்பானின் குமாரனாகிய கெமரியாவின் பெயர் (எரே. 36:10) அவற்றுள் ஒன்றில் தெளிவாக உள்ளது. (பாருக்கின் முத்திரை என்று பல நூல்களில் படம் போடப்பட்டுள்ளது அகழ்வில் கிடைத்ததன்று, பழம்பொருள் சந்தையில் வந்தது. அது போலி என்னும் ஐயம் அண்மை ஆண்டுகளில் வலுத்துள்ளமையால், பிரசங்க மேடையில் அதை எடுத்தாளுவோர் எச்சரிக்கையாயிருப்பது நலம்.)

அன்னிபால் கி.மு. 211இல் ரோமாபுரியின் அருகே பாளயமிறங்கியிருந்தபோது, அவன் பாளயம் நின்ற நிலமே விலை குறையாமல் விற்கப்பட்டது என்று லிவி எழுதுகிறார். உரையாசிரியர்கள் சிலர் இதனை எரேமியாவின் செயலோடு ஒப்பிடுவர். எனக்கு இவ்வொப்பு பொருந்துவதாகத் தோன்றவில்லை. ரோமன் தன் நகரம் விழாது என்று நம்பி வாங்கினான். எரேமியாவோ நகரம் நிச்சயமாக விழும் என்று அறிந்து வாங்கினார்.

நகரம் விழாது என்று நம்பினவர் யூதாவிலும் இருந்தனர். கிபியோன் ஊரானாகிய அனனியா, கி.மு. 594-593 அளவில், இரண்டே ஆண்டுகளில் ஆலயத்தின் பணிமுட்டுகளும் சிறைப்பட்டோரும் திரும்புவர் என்று ஆலயத்திலே கூறினான் (அதி. 28). மக்கள் விரும்பியதும் அதுவே. எரேமியா பாபிலோனுக்கு எழுதிய மடலில் (அதி. 29) எழுபது ஆண்டு என்று குறித்தார், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்றார். கி.மு. 597இல் கொண்டுபோகப்பட்ட வயதுவந்தோருள் அம்மடலைக் கேட்டவர் மிகப்பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே மரித்திருப்பர். நன்மையான முடிவைக் குறித்த 29:11, எழுபது ஆண்டைக் கூறும் 29:10ஐ அடுத்து நிற்கிறது.

புத்தாண்டு ஆராதனையில் நாம் வாக்குத்தத்த அட்டைகள் வழங்கும்போது பதினோராம் வசனம் மட்டுமே அச்சாகிறது. நான் சிற்றூர்ச் சபையொன்றில் ஊழியஞ்செய்த நாளில் அந்த அட்டையை ஒரு தாயின் கையில் கொடுத்தேன். அவ்வாண்டு முடியுமுன் அவர் தம் தலைமகனை அடக்கம்பண்ணினார். "ஐயா, நீங்கள் கொடுத்த வாக்குத்தத்தம் எனக்கு உரியதல்லவா?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன மறுமொழி எனக்கே திருப்தியளிக்கவில்லை. வசனத்தில் பொய்யில்லை, ஆனால் எழுபது ஆண்டுக்குரிய வசனத்தை நான் பன்னிரண்டு மாதத்திற்கு அளந்து கொடுத்திருந்தேன். எரேமியாவின் வசனத்தை அனனியாவின் கணக்கில் விற்றேன் என்பதே அதன் நேரான பெயர்.

எரேமியா எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு நிலம் வாங்கினாரென்றும் எண்ணலாகாது. அதிகாரத்தின் ஒழுங்கைக் கவனிக்கவேண்டும். வெள்ளி நிறுக்கப்பட்டு, சாட்சிகள் கையொப்பமிட்டு, பத்திரம் பாருக்கின் கையில் ஒப்புவிக்கப்பட்ட பின்னரே அவர் ஜெபம்பண்ணுகிறார் (32:16). அந்த ஜெபமோ திகைப்பில் முடிகிறது: முற்றுகை மேடுகள் நகரத்தை எட்டிவிட்டன, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீர் என்று (32:24-25). கர்த்தர் இந்தத் திகைப்பைக் கடிந்துகொள்ளவில்லை. நகரம் எரியும் என்பதை முதலில் மீண்டும் உறுதிப்படுத்தி, பிறகே வயல்கள் வாங்கப்படும் நாளைக் கூறுகிறார். நியாயத்தீர்ப்பை விலக்கிவிட்டு வாக்குத்தத்தம் அருளப்படவில்லை. அதன் வழியாகவே அருளப்பட்டது. கீழ்ப்படிதல் முந்தியது, விளக்கம் பிந்தியது. விசுவாசத்தில் ஐயத்திற்கு இடமில்லை என்று போதிக்கும் நம் மாணவர்கள் இந்தப் பத்து வசனங்களை ஒருமுறை மூலமொழியில் வாசிப்பது நல்லது.

நகரம் விழுந்தது. எரேமியா ஆனதோத்து நிலத்தில் உழவுமில்லை, அறுக்கவுமில்லை. கெதலியா கொலையுண்டபின், தம் மக்களின் தலைவர்களால் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டு தக்பானேசை அடைந்தார் (அதி. 43), அவர் திரும்பினதாகத் திருமறையில் எழுதப்படவில்லை. கி.மு. 539இல் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். அடுத்த ஆண்டில் யூதர் திரும்பிச்செல்ல உத்தரவாயிற்று. திரும்பினவர்களின் அட்டவணை எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. பெயர்களும் எண்களும் நிறைந்த அப்பகுதியை ஆராதனையில் வாசிப்பார் இல்லை. அதன் 23ஆம் வசனம் ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று கணக்கிட்டிருக்கிறது.