எழுத்துக்கு இடம் வேண்டும்

எழுத்தறிந்தவர் எழுதியதெல்லாம் பிறர் படிக்கத் தக்கதாய் அமைந்துவிடுவதில்லை. தமிழ்ப் பக்கத்தின் வரலாறே இதற்குச் சான்று.

பனையோலையில் எழுத்தாணியால் கீறிய நம் முன்னோர், ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளியை விடுத்தனர். சொற்களிடையே இடைவெளியில்லை, நிறுத்தக் குறியில்லை. இடம் சிறிதாதலின் அவர்களைக் குறை கூறுதல் நியாயமன்று. ஆயினும் விளைவு யாது? ஆசிரியர் அருகிருந்து பிரித்துக் காட்டினாலன்றி ஏட்டைப் படித்தல் அரிதாயிற்று. ஆசிரியரை அடைய வழியற்றவனுக்கு ஏடு இருந்தும் இல்லாததே.

இக்கட்டு ஒரு நாளில் அவிழவில்லை. 1578-இல் கொல்லத்தில் 16 பக்கங்கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. அதிலும் ஏட்டின் வழக்கப்படி மெய்கள் புள்ளியின்றியே நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களை வடிவால் வேறுபடுத்தினார். 1849-இல் யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர், நிறுத்தக் குறிகளிட்ட உரைநடையைச் சிறுவர்க்கும் எட்டச் செய்தார். 1935-இல் பெரியார், ‘குடி அரசு’ ஏட்டில் ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கி, ஏனைய எழுத்துகளுக்குரிய குறிகளையே இவற்றுக்கும் இட்டார். தமிழக அரசு அதனை ஏற்றதோ 1978-இல்! குழந்தையின் சுமையைச் சிறிது குறைக்க 43 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

பின்னர்த் திரை வந்தது. 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளாலும் எழுத்துருக்களாலும் வழி வகுத்தார். அந்நாளில் உரிய எழுத்துரு இல்லாதவர் திரையில் தமிழ் வெறுங் கிறுக்கலாய்த் தோன்றிற்று. யூனிகோடு அக்குழப்பத்தைப் பெரும்பாலும் தீர்த்தது.

ஆனால் எழுத்துத் தெரிவது வேறு. படிக்க இயல்வது வேறு. ஆங்கிலப் பக்கத்தின் அளவுகளையே தமிழுக்கும் இடுவோர் இன்றும் உளர். தமிழெழுத்துக்குத் தலைமேல் புள்ளியுண்டு, காலடியில் சுழியுண்டு. வரிகள் நெருங்கினால் மேல்வரிச் சுழி கீழ்வரிப் புள்ளியோடு மோதும். தமிழ்ச் சொற்களோ நீண்டவை. குறுகிய பத்தியை இருபுறமும் சமன்செய்ய முயன்றால் நடுவே பள்ளங்கள் விழும். சாம்பல் நிறத்து மெல்லெழுத்தும் சேர்ந்தால் சொல்லவேண்டுவதில்லை.

யோங் பெங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் உழைத்த முதியவர், சேமநிதி பற்றிய தமிழ் அறிவிப்பொன்றைக் கைப்பேசியில் திறந்து, கண் கூசி, கிராணியாகிய என்னிடம் நீட்டுகிறார். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர்! நான் படித்துச் சொல்வது உதவி. அவர் தாமே படிப்பது உரிமை. அவ்வுரிமையைப் பறிப்பது ஓலைக்காலத்தை மீண்டும் அழைப்பதேயாம். ஓலையில் இடமில்லை என்றனர் முன்னோர். திரையில் இடத்துக்குப் பஞ்சமா? பக்கம் அமைப்போரே, எழுத்தைப் பெரிதாக்குங்கள், வரிகளை விலக்குங்கள், பத்திகளைச் சுருக்குங்கள்!