கோத்தா இந்தான் தூக்குப் பாலம்

ஜகார்த்தாவின் பழைய நகர்ப்பகுதியிலே, காலி பெசார் கால்வாயின்மேல் செந்நிற மரப்பாலம் ஒன்று உளது. கோத்தா இந்தான் என்பது அதன் பெயர். இந்தான் எனின் வைரம் என்பதை நம் மாணாக்கரும் அறிவர். பத்தாவியாக் கோட்டையின் நான்கு கொத்தளங்களுக்கும் ஒல்லாந்தர் வைரம், மாணிக்கம், முத்து, நீலம் எனப் பெயரிட்டிருந்தனர். கோட்டையை 1809ஆம் ஆண்டையொட்டி ஆளுநர் தேண்டல்ஸ் இடிப்பித்தார். வைரக் கொத்தளத்தின் பெயர் இடப்பெயராய் எஞ்சி, இந்தோனேசிய விடுதலைக்குப் பின் பாலத்திற்கும் ஆயிற்று.

முன்னர் அதற்கு வேறு பெயர்கள் பல இருந்தன. 1628இல் அமைந்தது என்று கூறப்படும் முதற்பாலம் 'ஆங்கிலேயர் பாலம்'. அருகே ஆங்கிலேயரின் பண்டகசாலை இருந்தது. மாத்தாராம் படையெடுப்பில் சிதைந்து, 1630இல் புதுப்பிக்கப்பட்டபின் 'கோழிச்சந்தைப் பாலம்' ஆயிற்று. பிற்காலத்தில் ஒல்லாந்த இளவரசி ஜூலியானாவின் பெயரையும் தாங்கிற்று. மரம் பன்முறை மாறியமையால், இன்றுள்ளதையே நானூறு ஆண்டுப் பாலம் என்போர் சற்று மிகையாகக் கூறுகின்றனர் என்பேன். பழமையானவை அதன் இடமும் ஒல்லாந்து நாட்டுப் பொறிமுறையுமே.

அப்பொறிமுறை நமக்குப் புதிதன்று. நம் ஊர்க் கிணற்று ஏற்றமே அது. தூண்களின் உச்சியில் துலாமரம் கிடக்கும். முன்முனையிலிருந்து தொங்கும் சங்கிலி பாலத்தின் பலகைத் தளத்தைப் பிடித்திருக்கும். பின்முனையில் எடைப்பாரம் இருக்கும். பாரமும் தளமும் ஏறக்குறையச் சமமாதலால், பின்முனையைச் சிலர் இழுத்தாலே தளம் மேலெழும். பாய்மரப் படகு தடையின்றிச் செல்லும். வகுப்பறையில் ஓர் அளவுகோலும் நூலும் கொண்டு ஆசிரியர் இதனைச் செய்து காட்டலாம்.

அந்நகரில் சுமை தூக்கியவரும் கட்டட வேலை செய்தவரும் பலர் அடிமைகள். நாகப்பட்டினம் 1658இல் ஒல்லாந்தர் கைப்பட்டது. அடுத்த ஆண்டே தஞ்சைச் சீமையைக் கொடும்பஞ்சம் பற்றியது. 1661 வரை எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டோரை ஒல்லாந்தர் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினர். பெரும்பாலோர் இலங்கைக்கும், எஞ்சியோர் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் போயினர். நம்மவர் கடல்கடந்த கதையை ரப்பர்த் தோட்டத்திலிருந்தே தொடங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு; பாடம் நடத்துகையில் நானும் அவ்வாறே செய்து வந்தேன்.

கப்பல்கள் கடலில் நங்கூரமிட, சரக்கைப் படகுகள் கால்வாய் வழியே கொணர்ந்தவரை தூக்குப் பாலத்திற்கு வேலை இருந்தது. 1869இல் சூயஸ் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. 1886இல் தஞ்சோங் பிரியோக் துறைமுகம் முடிவுறவே, சரக்கும் அங்கே சென்றது. இன்று துலாமரங்கள் நிற்கின்றன. படகுக்காகத் தளம் எழுவதில்லை.