எழுவான்கரை நேரம், படுவான்கரை நேரம்

ஆழிப்பேரலை வந்த நாளை இலங்கை அரசாங்கக் கடிதங்கள் 2004.12.26 என்று எழுதும். ஆங்கிலப் படிவங்களில் அதுவே 26.12.2004. ஊர்ப்பேச்சில் அது ‘மார்கழி 26’. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் தாரண வருடத்து மார்கழிப் பூரணை. நாள் ஒன்றுதான், எழுத்து நான்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், எந்த இடத்தில் ஆண்டு நிற்கிறது, எந்த இடத்தில் மாதம், அந்த மாதம் யாருடைய கணக்கு என்று சொல்லும் ஒரு குறிப்பு வேண்டும். கணினி நிரலாளர்கள் அந்தக் குறிப்பை வடிவச் சரம் என்பார்கள். நிரலாக்கம் பிறப்பதற்கு வெகுமுன்பே, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கல்லடியில் இந்த மாற்றல் வேலை நடந்துகொண்டிருந்தது.

வாவியின் இரு கரைகளுக்கும் மக்கள் இட்ட பெயர்களே நேரத்தைத்தான் சொல்கின்றன. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை, அது படும் பக்கம் படுவான்கரை. கல்லடி எழுவான்கரையில் இருக்கிறது. மணிக்கூடு வருமுன் நாளின் தொடக்கமும் அந்த எழுகைதான். உதயத்திலிருந்து எண்ணப்படுவதால் அதற்கு உதயாதி நாழிகை என்று பெயர். நாளொன்றுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். நாழிகைக்கு 60 விநாடி. கதிரவன் 6.10க்கு உதித்த நாளில் ஐந்து நாழிகை என்றால் மணிக்கூட்டில் 8.10. இங்கே ஒரு வழுக்கல் உண்டு. பழைய விநாடி ஒவ்வொன்றும் இன்றைய கணக்கில் 24 செக்கன். தமிழ்நாட்டில் அதே சொல்லை ஆங்கில அளவுக்கு மாற்றிக்கொண்டார்கள். இலங்கைப் பாடநூல்கள் ‘செக்கன்’ என்று எழுதியதைக் கேலி செய்பவர்கள் உண்டு. குழப்பத்தைத் தவிர்த்த சொல் அதுதான்.

ஆண்டுக் கணக்கு இன்னும் சிக்கலானது. கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, அந்த மண்ணிலேயே சமாதி கொண்ட சுவாமி விபுலாநந்தர் 1892 மார்ச் 27இல் காரைதீவில் பிறந்தார். தமிழ்க் கணக்கில் அது கர வருடம், பங்குனி மாதம். 1867 ஏப்ரலில் பிரபவ தொடங்கியது என்று வைத்து எண்ணினால், இருபத்தைந்தாவதாகிய கர 1891 ஏப்ரலில் தொடங்கி 1892 ஏப்ரலில் முடிகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பிறந்தவர்களுக்கு ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் வருடப் பெயரைத் தேட வேண்டும். மாற்றிச் சொல்பவர் அடிக்கடி சறுக்கும் இடம் இது. மறுபக்கமாக வந்தால் சறுக்கல் பெரிது: ‘கர வருடம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1831, 1891, 1951, 2011 ஆகிய எதுவாகவும் இருக்கலாம். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிப் பழகிய கணினிகள் 2000ஆம் ஆண்டை நெருங்கியபோது உலகமே பதறியது. அந்த நோய் நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதே நோயோடு தமிழர் பல தலைமுறைகள் வாழ்ந்திருக்கிறார்கள்.

மாதங்களில் ஈழத்தமிழருக்கே உரிய ஒரு வழக்கம் உண்டு. ஜனவரியைத் தை என்றும் பெப்ரவரியை மாசி என்றும் டிசம்பரை மார்கழி என்றும் எழுதுவார்கள். இது பெயர்மாற்றம் மட்டுமே. நாள் எண் ஆங்கில நாட்காட்டியின் எண்ணாகவே நிற்கும். ஆகவே ‘மார்கழி 26’ என்பது டிசம்பர் 26. பஞ்சாங்கப்படி மார்கழி 26 வருவது ஜனவரி 10ஐ ஒட்டி. தமிழ்நாட்டிலிருந்து வரும் வாசகர் இரண்டு வாரம் தள்ளிப் போய்விடுவார். அமிர்தகழி மாமாங்கேசுவரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம், கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் நடக்கும் திருக்குளிர்ச்சி ஆகியவற்றில் மாதம் உண்மையான தமிழ் மாதம். அதே ஊரில் பாடசாலையில் ‘ஆடி மாதம்’ என்றால் அது ஜூலை. சொல் ஒன்றாக இருந்தும், எந்தச் சரத்தால் படிக்க வேண்டும் என்பது இடத்தைப் பொறுத்தது.

இறந்த நாளைப் பேணுவதற்கு ஈழத்தில் செய்யுளே வடிவமாயிற்று. அந்தியேட்டியன்று வெளியிடும் நினைவு மலரில் திதி வெண்பா ஒன்று இருக்கும். வருடம், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா, என்ன திதி என்பதெல்லாம் நாலடிக்குள் அடங்கும். ஆண்டுதோறும் திவசத்துக்கு வேண்டியது இவ்வளவுதான், ஆங்கிலத் திகதி தேவையில்லை. அளவும் தளையும் உள்ள வடிவமாதலால் படியெடுப்பவர் ஒரு சொல்லை விட்டால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். பிழை காட்டும் இலக்கம் என்று கணினியில் சொல்வதற்கு இதைவிட அழகான மூதாதை இல்லை.

மணிக்கூட்டு நேரம் வந்தபோது அது கொழும்பிலிருந்து வந்தது. மட்டக்களப்பு ஏறத்தாழ 81.7 பாகைக் கிழக்கில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், இந்த ஊரின் சொந்தச் சூரிய நேரம் கிரீனிச்சுக்கு 5 மணித்தியாலம் 27 நிமிடம் முன்னே நிற்கிறது. கொழும்புக்கு அது 5 மணி 19 நிமிடம்தான். 1880 முதல் தீவு முழுவதற்கும் மேற்குக் கரையின் 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் பொதுவானது. 1906இல் அது 5.30 ஆக நேர்படுத்தப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், கொழும்புக்குச் சிறிது பொருந்தாத இந்த அரைமணிக் கணக்கு மட்டக்களப்புக்கு மூன்று நிமிட வித்தியாசத்தில் பொருந்திப் போனது.

இரண்டாம் உலகப் போர் அதைக் கலைத்தது. 1942 ஜனவரி 5இல் நேரம் 6.00 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 6.30 ஆகவும் முன்தள்ளப்பட்டது. 1945 ஒக்டோபரில் 5.30க்குத் திரும்பியது. இடையில் 1942 ஏப்ரல் 9இல் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. ஜப்பானியக் கடற்படை எந்தக் கடலில் நின்றாலும் டோக்கியோ நேரத்தையே பதிவேட்டில் எழுதியது. இரு தரப்புப் பதிவுகளையும் ஒப்பிடுபவர் அந்த நாளுக்கு 3 மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டும். அதே ஆண்டின் இறுதி என்றால் இரண்டரைதான்.

1966இல் வாரமே மாறியது. ஞாயிறு விடுமுறை போய், சந்திரனின் நான்கு நிலைகளும் ‘போயா’ என்ற விடுமுறை நாட்களாயின. நிலவின் சுற்று இருபத்தொன்பதரை நாள் என்பதால் சில வாரங்கள் ஏழு நாளுக்கு, சில எட்டு நாளுக்கு. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. முழுநிலாப் போயா மட்டும் இன்றுவரை விடுமுறை நாளாக எஞ்சியிருக்கிறது.

இலங்கையர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் ஒரு வடிவச் சரம் புகுந்தது 1972இல், தேசிய அடையாள அட்டையோடு. ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்படும். மார்ச் முதலாம் திகதி பிறந்த ஆணின் நாள் எண் 061, பெண்ணுக்கு 561. படிவத்தில் ஆண், பெண் என்று தனியே கேட்கத் தேவையில்லை, எண்ணே சொல்லிவிடும்.

இந்த 061இல்தான் பொறி இருக்கிறது. ஜனவரி 31, பெப்ரவரி 28, அதற்குப் பின் மார்ச் 1 என்றால் கணக்குப்படி அறுபதாவது நாள். அடையாள அட்டை பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துக்கொள்கிறது, லீப் ஆண்டோ இல்லையோ. அதனால் மார்ச் 1 எல்லா ஆண்டுக்கும் 061, டிசம்பர் 31 எப்போதும் 366. அட்டவணையைப் பார்த்துக் கையால் எழுதும் எழுதுவினைஞருக்கு இது வசதி: ஓர் அட்டவணை போதும், ஆண்டுக்கு ஆண்டு மாற்ற வேண்டாம். நிரலாளருக்கோ இது தலைவலி. நிரல்மொழிகள் பலவற்றில் ‘ஆண்டின் நாள்’ என்ற குறியீடு உண்டு. அது உண்மையான நாட்காட்டியைப் பின்பற்றும். 1971க்கு உரிய 061ஐ அதனிடம் கொடுத்தால் மார்ச் 2 என்று பதில் வரும். 1972க்குக் கொடுத்தால் மார்ச் 1 என்று சரியாகச் சொல்லும், ஏனெனில் அது லீப் ஆண்டு. சோதித்துப் பார்ப்பவர் பெப்ரவரியில் பிறந்தவராக இருந்துவிட்டால் பிழை கண்ணில் படவே படாது. எந்த ஆண்டானாலும் லீப் ஆண்டொன்றின் நாட்காட்டியை வைத்து நாளையும் மாதத்தையும் எடுத்துவிட்டு, பிறகு உண்மையான ஆண்டை ஒட்டுவதுதான் சரியான வழி.

இரண்டு இலக்க ஆண்டு 1900களுக்கு மட்டுமே போதுமானது. 2000இல் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதை எட்டியபோது, 2016 முதல், எண் பன்னிரண்டு இலக்கமானது. ஆண்டு நான்கு இலக்கம் பெற்றது, இறுதி எழுத்து போயிற்று. பழைய எண்ணைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, வரிசை எண்ணுக்கு முன் ஒரு சுழியம் இட வேண்டும். பெப்ரவரி 29 மட்டும் அப்படியே இருக்கிறது.

கல்லடியின் நேர வரலாற்றில் மிக விசித்திரமான பத்தாண்டு 1996இல் தொடங்கியது. மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் வற்றியபோது, மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசாங்கம் மே 25இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபர் 26இல் அரைமணி குறைத்து 6.00இல் நிறுத்தியது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 5.30ஐயே தொடர்ந்தார்கள். மட்டக்களப்பில் கட்டுப்பாட்டின் எல்லை பெரும்பாலும் வாவிதான். எழுவான்கரை அரசாங்கத்திடமும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடமும் இருந்தன. கதிரவனின் போக்கால் பெயர் பெற்ற இரண்டு கரைகளுக்கும் இப்போது மணிக்கூட்டிலும் வேறு நேரம் வாய்த்தது.

வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போனாலும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் படகேறினாலும், எட்டு மணிக்குப் புறப்பட்டவர் ஏழே முக்காலுக்கு அக்கரை சேரலாம். ‘பத்து மணிக்குக் கூட்டம்’ என்றால் ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்ற கேள்வி உடனே வரும். நிரலாளர்கள் இதையே நேர வித்தியாசக் குறி என்பார்கள்: மணிக்குப் பின்னால் +5.30 அல்லது +6.00. அந்தக் குறி இல்லாத நேரம் பாதி நேரம். கோயில் பூசைக்கு மட்டும் இது உறைக்கவில்லை. பஞ்சாங்கத்தின் உதயாதி நாழிகைக்குக் கரை வித்தியாசம் கிடையாது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா நாள். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது பொதுச்சர்வதேச நேரம் 00:58:53க்கு. இலங்கை மணிக்கூட்டில் அது காலை 6.58, இந்தியாவில் 6.28, படுவான்கரையின் பழைய நேரத்திலும் 6.28. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் அலை கல்லடியையும் நாவலடியையும் மூடியது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்தது. அந்தக் காலையைப் பற்றிய வாக்குமூலங்களைத் திரட்டும்போது அரைமணி முரண் தென்பட்டால், சொன்னவரின் ஞாபகத்தைச் சந்தேகிக்குமுன் அவர் எந்த மணிக்கூட்டைப் பார்த்தார் என்று கேட்பது முறை.

இருள் விலகாத காலையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள் என்ற குறையும் சோதிடர்களின் அதிருப்தியும் சேர்ந்து, 2006 புத்தாண்டுக்கு மறுநாள், ஏப்ரல் 15இல், நேரம் 5.30க்குத் திரும்பியது. நள்ளிரவு 12.30ஆனதும் மணிக்கூடு 12.00 ஆனது. ஆகவே அன்றைய முதல் அரைமணி இரண்டு முறை நடந்தது. ‘2006.04.15 00:15’ என்று எழுதினால் அது எந்தக் கால்மணி என்று சொல்ல வழியில்லை. உலக நேர வலயங்களைத் தொகுக்கும் தரவுத்தளத்தில் ‘ஆசியா/கொழும்பு’ என்ற தலைப்பின் கீழ் 1880 முதலான இந்த மாற்றங்கள் எல்லாம் வரிவரியாக இருக்கின்றன. படுவான்கரைக்கு அங்கே வரி இல்லை.

வடிவச் சரங்களுக்குள்ளும் கரைகள் உண்டு. சி மொழியின் மரபில் சிறிய எம் மாதம், பெரிய எம் நிமிடம். ஜாவாவில் நேர்மாறு: பெரியது மாதம், சிறியது நிமிடம். ஒன்றின் சரத்தை மற்றதற்கு எழுத்து மாற்றாமல் கொண்டுபோனால் மாதம் இருக்க வேண்டிய இடத்தில் நிமிடம் வந்து உட்காரும். 12க்குக் குறைந்த நிமிடமானால் யாருக்கும் ஐயம் எழாது. ஜாவாவில் பெரிய வை வாரக் கணக்கிலான ஆண்டைக் குறிப்பதால், டிசம்பர் இறுதி நாட்கள் அடுத்த ஆண்டுக்குத் தாவிவிடும். யுனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவில் தமிழுக்கு முற்பகல், பிற்பகல் என்று மணிக்கு முன்னே எழுதும் வடிவம் உள்ளது. இலங்கைத் தமிழுக்கு 24 மணி வடிவம் தனியே தரப்பட்டிருக்கிறது.

இணையப் பக்கங்களில் பெரிதும் பயன்பட்ட மோமென்ட் என்ற நிரல்தொகுப்பின் தமிழ்ப் பகுதி இன்னொரு வழி போயிற்று. முற்பகல், பிற்பகலை விட்டுவிட்டு, பழந்தமிழ் இலக்கணத்தின் ஆறு சிறுபொழுதுகளை எடுத்துக்கொண்டது: யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை. ஒவ்வொன்றும் 4 மணித்தியாலம், அதாவது பத்து நாழிகை. இரண்டு பகுதிகளை எதிர்பார்க்கும் நிரலிடம் இந்த ஆறைக் கொடுத்தால் திருப்பிப் படிக்கத் தெரியாமல் நிற்கும். எற்பாடு என்பது எல் படும் நேரம், கதிரவன் சாயும் பொழுது. படுவான்கரையின் ‘படு’வும் அதுவே. நெய்தல் நிலத்துக்கு இலக்கணம் வகுத்த சிறுபொழுதும் அதுதான். கல்லடிக் கடற்கரையில் ஐந்து மணியை அந்த நிரல் ‘எற்பாடு’ என்று காட்டும். ஊரார் பேச்சில் அது பின்னேரம்.