ஸ்பாக் என்னும் அயலவர்: ஸ்டார் ட்ரெக் தொடரில் ஒரு பாத்திரத்தின் வளர்ச்சி (1964–1991)

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பானது ஸ்டார் ட்ரெக் என்னும் அறிவியல் புனைகதைத் தொடர். அதில் வரும் ஸ்பாக், வல்கன் என்னும் வேற்றுக்கோளைச் சார்ந்த தந்தைக்கும் மண்ணுலகத் தாய்க்கும் பிறந்தவர். எண்டர்பிரைஸ் விண்கலத்தில் அறிவியல் அலுவலராகவும் தலைவருக்கு அடுத்த நிலையினராகவும் பணிபுரிகிறார். உடன் பணியாற்றுவோர் அவரை மதிக்கின்றனர். எனினும் தம்மவராகக் கொள்ளத் தயங்குகின்றனர். உணர்ச்சியற்ற ஒருவர் மனிதரோடு பழகிப் பழகி மனிதராகவே மாறிய கதை என்று இப்பாத்திரத்தின் வளர்ச்சி பொதுவாகச் சொல்லப்படுகிறது. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைத் தொடர் உருவான வரலாற்றோடு இணைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

கடன் பெற்ற அமைதி

ஸ்பாக் தொடக்கத்தில் உணர்ச்சியற்றவராகப் படைக்கப்படவில்லை என்பது முதற்கண் நோக்கத்தக்கது. தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி 1964ஆம் ஆண்டின் இறுதியில் 'தி கேஜ்' என்னும் முன்னோட்டப் பகுதியைப் படமாக்கினார். அதில் ஸ்பாக் புன்னகை செய்கிறார். பதற்றத்தில் குரலை உயர்த்துகிறார். உணர்ச்சியைப் புறத்தே காட்டாத பாத்திரம் வேறொன்று: 'நம்பர் ஒன்' என்று மட்டும் அழைக்கப்பெற்ற துணைத் தலைவி. மேஜல் பாரெட் அப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். என்.பி.சி. நிறுவனம் அம்முன்னோட்டத்தை ஏற்காமல் மற்றொன்று எடுக்குமாறு கூறியது. அதற்கென மாற்றியமைத்தபோது துணைத் தலைவி நீக்கப்பட்டார். கூர்ங்காதுடைய ஸ்பாக்கையும் நீக்க நிறுவனம் விரும்பியபோது ராடன்பெரி உடன்படவில்லை. நீக்கப்பட்ட பெண்ணின் பதவியும் சலனமற்ற இயல்பும் ஸ்பாக்கிடம் வந்து சேர்ந்தன. பின்னாளில் உலகறிந்த அவ்வமைதி ஒரு பெண் பாத்திரத்திடமிருந்து எடுக்கப்பட்டது என்பது ஸ்பாக்கைப் பற்றிய பாராட்டுரைகளில் பெரிதும் விடுபட்டுப் போகிறது.

மெய்ப்பாடின்மையும் உணர்ச்சியின்மையும்

உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் பிறர்க்குப் புலப்படுவதே மெய்ப்பாடு என்பது தமிழ் இலக்கண மரபு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நோக்கினால் ஸ்பாக்கிடம் இல்லாதது மெய்ப்பாடேயன்றி உணர்ச்சியன்று என்பது புலனாகும். வல்கன் மக்கள் ஒரு காலத்தில் கட்டுக்கடங்காத உணர்ச்சியால் தம்மையே அழித்துக்கொள்ள இருந்தவர்கள். அதிலிருந்து மீளவே தருக்க நெறியை மேற்கொண்டனர் என்கிறது தொடர். அஃது இயல்பன்று, பயிற்சியால் வந்த அடக்கம்.

இதனைத் தொடர் மிக முற்பட்டே காட்டிவிடுகிறது. 1966 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பான 'தி நேக்கட் டைம்' பகுதியில், தற்கட்டுப்பாட்டை அழிக்கும் ஒரு நோய் கலத்தில் பரவுகிறது. ஸ்பாக் தனியறைக்குள் புகுந்து, தாயிடம் தம் அன்பை ஒருபோதும் சொல்ல இயலவில்லை என்று அழுகிறார். தொடர் தொடங்கி ஒரு திங்கள்கூட நிறைவடையாத காலம் அது. 'உணர்ச்சியற்றவர் படிப்படியாக உணர்ச்சி பெற்றார்' என்னும் கூற்று இவ்விடத்திலேயே வலுவிழக்கிறது.

வளர்ச்சிக்கு வித்திட்ட எழுத்தர்களுள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் டி.சி. ஃபான்டானா (1939–2019). ராடன்பெரியின் செயலராகப் பணியாற்றி, எழுத்தராகவும் கதைப் பதிப்பாசிரியராகவும் உயர்ந்தவர். பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு எழுதியவர் ஒரு பெண் என்பதை அன்றைய பார்வையாளர் பலர் அறிந்திருக்க வழியில்லை. 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' பகுதியின் முதல் வடிவில் காதல் நிகழ்ச்சி சுலு என்னும் பாத்திரத்திற்கு உரியதாக இருந்தது. அதனை ஸ்பாக்கிற்கு மாற்றியவர் ஃபான்டானாவே. 1967 மார்ச்சில் ஒளிபரப்பான அப்பகுதியில், ஒரு செடியின் நுண்துகள்களால் அடக்கம் நெகிழ்ந்து ஸ்பாக் காதல்வயப்படுகிறார். மீண்டும் தெளிவு பெற்றபின், வாழ்வில் முதன்முறையாகத் தாம் மகிழ்ச்சியாக இருந்ததாகச் சலனமின்றிக் கூறுகிறார். அவர் கடமைக்குத் திரும்புவது மகிழ்ச்சி இன்னதென்று அறிந்த பிறகே என்பது கருதத்தக்கது.

1967 நவம்பர் 17 அன்று வெளிவந்த 'ஜர்னி டு பேபல்' பகுதியையும் ஃபான்டானாவே எழுதினார். ஸ்பாக்கின் பெற்றோர் சாரெக், அமாண்டா ஆகியோர் இதில்தான் முதன்முதலாகத் தோன்றுகின்றனர். தந்தையின் விருப்பத்திற்கு மாறாக விண்படையில் சேர்ந்ததால் பதினெட்டு ஆண்டுகளாகத் தந்தையும் மகனும் தம்முள் பேசிக்கொண்டதில்லை. ஸ்பாக் மனிதரிடையே மட்டுமன்றி வல்கன் மக்களிடையேயும் அயலவரே என்பது இங்குத் தெளிவாகிறது. கலப்பு மணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது அதே ஆண்டு ஜூன் 12 அன்று. இவ்விரண்டிற்கும் நேரடித் தொடர்பு காட்ட இயலாதெனினும், பார்வையாளர் எந்தச் சூழலில் அக்குடும்பத்தைக் கண்டனர் என்பதை இது உணர்த்தும். இரு இனப் பெற்றோருக்குப் பிறந்த சிறுமி ஒருத்தி, தன் தனிமையைக் கூறி ஸ்பாக்கிற்குக் கடிதம் எழுத, நடிகர் லியோனார்ட் நிமோய் 1968இல் இதழொன்றின்வழி விரிவாக விடையளித்தார்.

நிமோயும் (1931–2015) அயன்மையை அறிந்தவரே. உக்ரைனிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பாஸ்டன் நகரில் பிறந்தவர். சிறுவயதில் தொழுகைக்கூடத்தில் குருக்கள் ஆசி வழங்கக் கண்ட கைமுத்திரையையே வல்கன் வணக்கமாக 1967இல் 'அமோக் டைம்' பகுதியில் அமைத்தார்.

திரைப்படங்களில் நிலைபெறும் மாற்றம்

அக்காலத் தொலைக்காட்சித் தொடர்களில் ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை. ஒரு வாரம் அழுதவர் மறுவாரம் பழைய நிலையிலேயே நிற்பார். ஆகவே மாற்றம் நிலைத்து நின்று தொடர்வதற்குத் திரைப்படங்கள் தேவைப்பட்டன. 1979ஆம் ஆண்டுப் படத்தில், எஞ்சிய உணர்ச்சியையும் களையும் கோலினார் நோன்பில் ஸ்பாக் தோல்வியுறுகிறார். பின்னர் வீஜர் என்னும் பேரறிவு இயந்திரத்தின் வெறுமையை உணர்ந்து, நோய்ப்படுக்கையில் நண்பர் கிர்க்கின் கையைப் பற்றி, இத்தகைய எளிய உணர்வு அந்த இயந்திரத்திற்கு எட்டாதது என்கிறார். 1982இல் கலத்தைக் காக்க உயிர்விடுகிறார். 1984இல் நினைவு சிதைந்து மீள்கிறார்.

இவ்வளர்ச்சி நேர்க்கோட்டில் அமைந்ததன்று. 1991ஆம் ஆண்டுப் படத்தில், தருக்கம் அறிவின் தொடக்கமேயன்றி முடிவன்று எனத் தம் மாணவிக்கு அறிவுறுத்தும் ஸ்பாக், அவள் சதியில் பங்குகொண்டாள் என அறிந்ததும் அனைவர் முன்னிலையிலும் அவள் மனத்தை வலிந்து ஊடுருவுகிறார். அடக்கம் தளர்ந்தவிடத்து அருள் மட்டுமே வெளிப்படும் என்று கொள்வதற்கில்லை. அவரைப் போற்றுவோர் இக்காட்சியை விரைந்து கடந்துவிடுகின்றனர். அது நேர்மையான வாசிப்பாகாது.

நிமோய் இயக்கிய 1986ஆம் ஆண்டுப் படம் மட்டும் பழைய அழுகைக்குத் திரும்புகிறது. மீண்டும் உயிர்பெற்று நினைவைத் திரட்டும் ஸ்பாக்கைக் கணினி சோதிக்கிறது. கடினமான வினாக்களுக்கெல்லாம் தடையின்றி விடையளிப்பவர், எவ்வாறு உணர்கிறீர்கள் என்னும் வினாவின்முன் திகைத்து நிற்கிறார். வினாவே விளங்கவில்லை என்கிறார். அருகில் நிற்பவர் தாய். படத்தின் இறுதியில், தாய்க்குச் செய்தி ஏதேனும் உண்டா எனச் சாரெக் கேட்கிறார். தாம் நலமாக உணர்வதாகச் சொல்லுமாறு ஸ்பாக் கூறுகிறார். 1966இல் தாயிடம் சொல்லாது நின்ற சொல்லுக்கு இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வடிவம் இது. அப்போதும் அவர் வல்கன்தான். முகத்தில் மாற்றமில்லை, அன்பு என்னும் சொல்லும் இல்லை. அச்செய்தியைத் தாயிடம் கொண்டுசேர்க்க வேண்டியவரோ, பதினெட்டு ஆண்டுகள் அவரோடு பேசாதிருந்த தந்தை.