காசநோய்க் குளிசையும் கல்லீரலும்

காசநோய் என்றாலே மாதக்கணக்கான வைத்தியசாலைப் படுக்கை என்றிருந்த காலத்தை எம் பெற்றோர் அறிவர். அந்நிலையை மாற்றியவற்றுள் ஐசோனியாசிட் என்னும் குளிசை முதன்மையானது. 1912 இலேயே பிராக் நகரில் ஆக்கப்பட்ட அப்பொருளின் பயன் 1950களின் தொடக்கம் வரை எவருக்கும் புலப்படவில்லை என்பது விந்தைதான். மலிவானது, தீங்கு குறைந்தது என்ற நம்பிக்கையால், நோய் வெளிப்படாது கிருமி மட்டும் உடலில் உறங்குவோருக்கும் பின்னர் அதனை மாதக்கணக்கில் கொடுக்கலாயினர்.

1970 இல் வொஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றம் அமைந்த கப்பிட்டல் குன்றில் பணிபுரிந்தோரிடையே காசநோய் காணப்பட்டது. தடுப்பாக 2321 பேர் குளிசை உட்கொண்டனர். அவர்களுள் 19 பேருக்கு ஈரல் நோய் கண்டது, 13 பேருக்குச் செங்கமாரி, இருவர் மாண்டனர். நோயுற்றுப் படுத்தவர்கள் அல்லர், வேலைக்குப் போய்வந்தவர்கள் என்பதே வைத்திய உலகைத் திடுக்கிட வைத்தது.

அடுத்துப் பல நகரங்களில் ஏறத்தாழ 14,000 பேரிடம் நடந்த ஆய்வு, ஆபத்து வயதோடு ஏறுவதைக் காட்டியது. இருபதுக்கு உட்பட்டோரிடம் அது மிக அரிது. ஐம்பதைக் கடந்தோரிடம் நூற்றுக்கு இருவருக்கு மேல். நாள்தோறும் மது அருந்துவோரிடம் இன்னும் அதிகம். மருந்தைச் சிதைப்பது ஈரலே. அவ்வேளை உண்டாகும் நச்சுப்பொருள் அதனையே தாக்குகின்றது. பலரில் அச்சிறு காயம் தானாக ஆறிவிடும். சிலரில் ஆறுவதில்லை.

சியாட்டில் நகரில் 1989 முதல் 1995 வரை 11,141 பேர் இதே மருந்தைத் தொடங்கினர். ஈரல் அழற்சி கண்டவர் 11 பேரே. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் அங்கு செய்தது எளிய காரியம். பசி போய்விட்டதா, குமட்டுகிறதா, சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்ததா என்று மாதந்தோறும் கேட்டனர். அறிகுறி கண்டதும் குளிசையை நிறுத்தி உடனே வரும்படி சொல்லிவைத்தனர்.

புகலிட நாடுகளில் வைத்திய பரிசோதனையின் பின் இத்தகைய குளிசை பெறும் எம்மவர் பலர். கேள்வி கேட்கப்படும்போது “பரவாயில்லை” என்பதே எமது வழக்கமான விடை. அறிகுறி எதுவுமின்றி, அயலவர் பேச்சுக்கு அஞ்சிக் குளிசையை நிறுத்துவோரும் உளர். நோய் முற்ற அது வழிசெய்யும். காய்ச்சலுக்கு விழுங்கும் பரசிட்டமோலையும், ஊரிலிருந்து வந்த சூரணத்தையும் வைத்தியரிடம் மறைக்கலாகாது. முன்னர் செங்கமாரி கண்டிருப்பின் அதையும் கூறவேண்டும். இன்று நான்கு மாத றிபாம்பிசின் என்ற மாற்றும் உண்டு. 2018 இல் வெளியான பெரும் ஆய்வில் அது ஈரலுக்குத் தீங்கு குறைந்ததெனத் தெரிந்தது. அது தமக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

தாயின் சிறுநீர் நிறத்தைப் பன்னிரண்டு வயது மகன் மொழிபெயர்க்க நேரும்போது தாய் வாய் திறப்பதில்லை. வயதுவந்த மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுக்கொள்க.