பீல்டு மார்ஷல்

பீல்டு மார்ஷல் என்பது பல நாடுகளின் தரைப்படையில் ஜெனரலுக்கும் மேலான பதவி நிலை. ஐந்து நட்சத்திரத் தகுதி கொண்டது. போர் வெற்றிக்காகவோ சிறப்பான படைப்பணிக்காகவோ அரிதாக வழங்கப்படுகிறது. இந்தியாவில் இதுவரை இருவரே இதைப் பெற்றுள்ளனர்.

சொற்பிறப்பு

'மார்ஷல்' பழைய ஜெர்மானியச் சொல். 'மராஹ்' என்றால் குதிரை. 'ஸ்கால்க்' என்றால் ஏவலாள். இரண்டும் சேர்ந்து குதிரைகளைப் பராமரிக்கும் வேலையாளைக் குறித்தன. இச்சொல் பிரெஞ்சு மொழிக்குச் சென்று 'மரேஷால்' ஆனது. குதிரைக்கு லாடம் அடிப்பவரை பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'மரேஷால் ஃபெரான்' என்றே அழைக்கிறார்கள். காவல்துறையில் புழங்கும் 'கான்ஸ்டபிள்' என்ற சொல்லும் லாயத்தில் பிறந்ததுதான். லாயத் தலைவரைக் குறித்த இலத்தீன் தொடரின் திரிபு அது.

படைத் தலைமைக்கு உயர்ந்த விதம்

இடைக்கால ஐரோப்பாவில் படையின் வலிமை குதிரை வீரர்களைச் சார்ந்திருந்தது. அரசரின் குதிரைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த மார்ஷலிடம், காலப்போக்கில் படையின் அணிவகுப்பும் முகாமின் ஒழுங்கும் வந்து சேர்ந்தன. இங்கிலாந்தில் இப்பதவி பரம்பரை உரிமையானது. அப்படிப் பெற்ற வில்லியம் மார்ஷல், சிறுவனாக முடிசூடிய மூன்றாம் ஹென்றியின் சார்பில் 1216 முதல் 1219 வரை நாட்டையே ஆண்டார்.

பிரான்சில் மார்ஷல்களுக்கு மேலே கான்ஸ்டபிள் இருந்தார். 1627இல் அப்பதவி ஒழிக்கப்பட்டதும் மார்ஷல்கள் முதலிடத்துக்கு வந்தனர். ஜெர்மன் அரசவைகளில் அரண்மனைக் காரியங்களைக் கவனித்தவரும் மார்ஷல் எனப்பட்டார். களத்தில் படை நடத்தியவர் 'களம்' என்னும் பொருள் தரும் முன்னொட்டுடன் அழைக்கப்பட்டார். ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்த இரண்டாம் ஜார்ஜ் மன்னர் 1736இல் இந்தப் பீல்டு மார்ஷல் நிலையைப் பிரிட்டிஷ் படையில் புகுத்தினார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது ஒழிக்கப்பட்ட மார்ஷல் பட்டத்தை 1804இல் நெப்போலியன் மீட்டெடுத்து, தம் ஆட்சியில் 26 பேருக்கு வழங்கினார்.

அரசியல் கருவியாக

இருபதாம் நூற்றாண்டில் ஆட்சியாளர்கள் இப்பட்டத்தைத் தங்கள் தேவைக்கேற்பப் பயன்படுத்தினர். 1943 ஜனவரி 30 அன்று, ஸ்டாலின்கிராடில் முற்றுகைக்குள் சிக்கியிருந்த ஜெர்மன் தளபதி பவுலஸை ஹிட்லர் பீல்டு மார்ஷலாக உயர்த்தினார். அதுவரை எந்த ஜெர்மானிய பீல்டு மார்ஷலும் எதிரியிடம் பிடிபட்டதில்லை என நம்பப்பட்டதால், அந்த உயர்வு தற்கொலை செய்துகொள்ளச் சொல்லும் குறிப்பாகவே கருதப்பட்டது. மறுநாளே பவுலஸ் சோவியத் படையிடம் சிறைப்பட்டார். சோவியத் ஒன்றியமும் 1935இல் ஐவரை மார்ஷல்களாக்கியது. அவர்களில் மூவர் 1937 முதல் 1939 வரையிலான ஸ்டாலினின் களையெடுப்பில் உயிரிழந்தனர்.

அமெரிக்கா இப்பெயரை ஏற்கவில்லை. தன் ஐந்து நட்சத்திரத் தளபதிகளுக்கு 1944இல் 'ஜெனரல் ஆஃப் தி ஆர்மி' என்ற நிலையை உருவாக்கியது.

அடையாளம்

பீல்டு மார்ஷலின் சின்னம் 'பேட்டன்' எனப்படும் குறுங்கோல். அணிவகுப்பு, அரசு விழா போன்ற நிகழ்ச்சிகளில் அதைக் கையில் ஏந்துவார். இந்தியாவில் பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது. வாழ்நாள் முழுவதும் பணியிலுள்ள அதிகாரியாகவே கருதப்படுவார்.

இந்தியாவும் இலங்கையும்

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் தரைப்படைத் தளபதியாக இருந்த சாம் மானெக்ஷா, 1973 ஜனவரியில் இந்தியாவின் முதல் பீல்டு மார்ஷல் ஆனார். பின்னர் நீலகிரி மாவட்டம் குன்னூரில் குடியேறிய அவர், 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். உதகமண்டலத்தில் உள்ள பார்சி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியத் தரைப்படைத் தளபதியான கே. எம். கரியப்பாவுக்கு, ஓய்வு பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகு 1986இல் இந்நிலை வழங்கப்பட்டது. இதற்கு இணையான விமானப்படை நிலையை அர்ஜன் சிங் 2002இல் பெற்றார். இலங்கையில் சரத் பொன்சேகா 2015இல் பீல்டு மார்ஷல் ஆக்கப்பட்டார்.

இந்தியத் தரைப்படையில் வழக்கமான பதவி உயர்வு ஜெனரலோடு நின்றுவிடுகிறது. பீல்டு மார்ஷல் என்பது கௌரவ நிலையே. கரியப்பாவுக்குப் பின் அது யாருக்கும் வழங்கப்படவில்லை.