பார்வைக் கௌதாரி

செஞ்சிக்கு வர்றவங்க ராஜகிரி, கிருஷ்ணகிரின்னு அண்ணாந்து பாத்துட்டுப் போயிடுறாங்க. கௌதாரி இருக்கிறது கீழே கரம்புல.

அதைப் பிடிக்க, நரிக்குறவர்கள் பழக்கின கௌதாரி ஒன்றைக் கூண்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி நட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வைக்கிற பறவைக்கும் மிருகத்துக்கும் தமிழில் ‘பார்வை’ன்னு பேர். பழைய சொல்லுங்க. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டு முற்றத்து விளாமரத்திலேயே பார்வை மான் கட்டிக் கிடக்கிறது.

மேல்நாட்டில் வாத்து வேட்டைக்கு மரவாத்துகளை மிதக்கவிடுவாங்க. அது ஆடி அசையணும், இல்லேன்னா மேலே பறக்கிற வாத்து சந்தேகப்படும். வாத்து வருவது கூட்டம் தேடி. கௌதாரி அப்படியில்ல. கூண்டுக்குள்ளிருந்து ஒன்று கத்தினால், ‘என் எல்லையில எவன்டா?’ன்னு அந்த இடத்துச் சேவல் சண்டைக்கு ஓடிவரும். கால் கண்ணியில மாட்டிக்கும். நம்ம வரப்புத் தகராறுதான், வேறென்ன!

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதெல்லாம் படிப்படியா குற்றமாச்சு. கரையான் தின்கிற பறவை பிழைச்சதில் விவசாயி எனக்குச் சந்தோஷம்தான். ஆனா வேட்டையை விட்டவங்க ஊசிமணி, பாசிமணி வித்துத்தான் வயித்தைக் கழுவினாங்க. அவங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை ஆச்சு.